உன் முறை வந்தபோது மேளங்கள் நின்றன

நேற்று வேலை முடிந்து வரும்போது, பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நம் தமிழ் ஆள்தான், முகம் பழக்கமில்லை. அவளுடைய கழுத்துச் சால்வையிலிருந்து கோடாலித் தைலத்தின் மணம் வந்தது. நீதான் கடைசி நேரத்தில் ஓடிவந்து ஏறிவிட்டாய் என்று ஒரு கணம் என் உடம்பு நம்பிவிட்டது. பக்கத்து இருக்கையில் கிடந்த என் பையை மடியில் எடுத்து வைத்து உனக்கு இடம்கூட விட்டேன். பிறகுதான் புத்தி வந்தது. பையைத் திரும்பவும் அங்கேயே வைத்தேன். நான் இறங்கும் ஓஸ்டர்முண்டிகன் வரும்வரை அந்த இடத்தை யாரும் கேட்கவில்லை.

நீ போய் இரண்டு வருடமாகப் போகிறது. அந்த மணம் இன்னும் என்னைக் குற்றவாளி ஆக்குகிறது. ஏன் என்று உனக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்வதென்றால் அந்த மேளங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் ஒரே மாடியைத் துடைத்தவர்கள். நீ மன்னார், நான் யாழ்ப்பாணத்துக் குருநகர். என் கணவர் இறந்து, மகனும் வேலைக்காக ரெனானுக்குப் போய்விட்ட பிறகு, என் வீட்டில் கழுவுவதற்கு ஒரு கோப்பைதான் கிடக்கும். நீ கல்யாணமே கட்டவில்லை. முதலில் தனியாக இந்தச் சுவிஸ் நாட்டுக்கு வந்து, பிறகு அண்ணன் குடும்பத்தைக் கூப்பிட்டெடுத்து, அந்தப் பிள்ளைகள் நடக்கப் பழகியதிலிருந்து படித்து முடிக்கும்வரை கூடவே நின்றாய். அவர்கள் துன் நகரில் நன்றாக ஊன்றிய பிறகு, ஐம்பத்திரண்டு வயதில் உனக்கென்று மிஞ்சியது ஓர் அறை வீடும் நானும்தான். அவ்வளவு மெல்லக் கதைப்பாய் நீ. தாதிமார் உன்னிடம் எதையும் இரண்டு தரம் கேட்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை உடுப்பு மாற்றும் அறையில் நீ சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாய்:

“நேற்று ஒரு பகிடி நடந்தது.”

“என்ன?”

“பின்னேரம் பள்ளிக்கூடம் துடைக்கப் போனனான் எல்லோ. கீழ்மாடியிலை திடீரெண்டு ஒரு சத்தம். நிலம் அதிருது. நான் துடைப்பத்தையும் போட்டிட்டுச் சுவரோடை குந்தியிட்டன்.”

நான் சிரிக்கவில்லை. அதிர்வு கேட்டதும் ஏன் ஒருவர் சுவரோடு குந்துவார் என்று நம் இருவருக்கும் தெரியும்.

“பிறகு?”

“ஒரு பொம்பிளை கதவைத் திறந்துகொண்டு வந்து, விழுந்திட்டீங்களோ எண்டு கேட்டா. உள்ளுக்குப் பார்த்தால் மேளமடி! பீப்பா பீப்பாவா. அடிக்கிறது எல்லாம் வெள்ளைக்காரர்.”

“மேளமோ? இஞ்சையோ?”

“ஜப்பான் மேளமாம். தைக்கோ எண்டு பெயர். அந்தப் பொம்பிளை ரெண்டு தடியை என்ரை கையிலை தந்திட்டா. வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு டொச்சுப் பாஷையிலை வாய் வரேல்லை. அடிச்சன்.”

“எப்பிடி இருந்தது?”

நீ உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாய். “திரும்ப ஒருக்கா அடிக்கவேணும் போலை இருந்தது.”

அந்தப் பெண் உர்சுலா. பல வருடங்கள் ஜப்பானில் இருந்து பழகிவிட்டு வந்து, பழைய வைன் பீப்பாய்களில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டித் தானே மேளங்கள் செய்தவள். அடுத்த புதன்கிழமை வேலை முடிந்ததும் நீ வீட்டுக்குப் போகவில்லை, அவர்களோடு நின்றாய். அதற்கடுத்த புதனும் அப்படித்தான். மூன்று மாதத்தில் உன் நடை மாறியிருந்தது. முன்பு தோள்களை உள்ளுக்கு ஒடுக்கி, நடைபாதை ஓரமாக, யாருக்கும் இடைஞ்சலில்லாமல் போவாய். இப்போது நடுவில் நடந்தாய்.

உன் வீட்டுக்கு வந்தால் சோபா மெத்தை நிலத்தில் கிடக்கும். இடது முழங்காலை மடித்து, வலது காலைப் பின்னால் நீட்டி நின்று, அதை அடித்துக் காட்டுவாய். “டொன், டொன், டொ-கொ, டொன்” என்று வாய் சொல்லும், கை அடிக்கும். தோலின் நடுவில் விழுந்தால் டொன், மர விளிம்பில் விழுந்தால் கா. ஜப்பானியர் தாளத்தை முதலில் வாயால்தான் பழகுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை மேல்வீட்டுக் கிழவர் இறங்கி வந்து, ஓய்வு நாளில் மெத்தை தட்டக்கூடாது என்று வீட்டு ஒழுங்குவிதிகளில் எழுதியிருக்கிறதே என்றார். நீ தலையை ஆட்டிக் கதவைச் சாத்திவிட்டு, சிரிப்பு வெளியே கேட்கக்கூடாதென்று தலையணையில் முகத்தைப் புதைத்தாய்.

“கையாலை அடிக்கிறேல்லையடி,” என்று எனக்கு விளக்குவாய். “இடுப்பாலை அடிக்கவேணும். கையை மேலை தூக்கினால் போதும், மேளம் தானா இழுக்கும். அடிக்கு நடுவிலை விடுற இடம் இருக்கெல்லோ, அதுதான் கஷ்டம். அதைப் பழக உர்சுலாவுக்கே பத்து வருசம் எடுத்ததாம்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நான் முயலவும் இல்லை. உன் புதன்கிழமைகளை அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்பதுதான் என் மனதில் நின்றது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றோம். உன் குழு பழகும் படம் ஒன்று யாருடைய போனிலோ வந்திருந்தது. ஒரு பெண் அதைச் சுற்றியிருந்தவர்களுக்குக் காட்டினாள். நீ கேக் எடுக்கப் போயிருந்தாய்.

“செத்தவீட்டுக்கு அடிக்கிறவையின்ரை வேலையை இவ சுவிசிலை வந்து பழகிறா,” என்றாள்.

அந்தப் பேச்சுக்குள் என்ன இருந்தது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கடல் தாண்டி வரும்போது பலதை விட்டுவிட்டு வந்தோம். சாதியை மட்டும் கவனமாகக் கட்டி எடுத்து வந்திருக்கிறோம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரிதாக இல்லை, சும்மா உதட்டளவில். திரும்பிப் பார்த்தபோது கேக் தட்டோடு நீ எனக்குப் பின்னால் நின்றாய்.

தட்டை மேசையில் வைத்தாய். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் வாயைத் திறந்தாய்.

“நீயும் சிரிச்சனீ.”

“அவையள் எல்லாரும்…”

“அவையளை நான் கேக்கேல்லை.” சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: “என்ரை அப்பா செத்தபோது ஊரிலை அடிச்சவை ரெண்டு பேர். எங்கடை வீட்டு வாசலுக்கு வெளியிலை, வெயிலுக்குள்ளை நிண்டு அடிச்சவை. ஒரு கோப்பை தண்ணிகூட ஒருத்தரும் உள்ளுக்குக் கூப்பிட்டுக் குடுக்கேல்லை. நான் சின்னப்பிள்ளை. அந்த மேளச் சத்தத்திலைதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரைக்கும் அழத் தெரியேல்லை. உவை என்ன சொன்னாலும் எனக்கு அது குறையில்லை.”

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இறங்குமிடம் வந்துவிட்டது. இறங்கினேன்.

கோடையில் உன் முதல் நிகழ்ச்சி துனில் நடந்தது. டிக்கெட் கொண்டுவந்து தந்தாய். எனக்கு அன்றைக்கு வேலை என்றேன். வேலை இல்லை. வீட்டில் படுத்துக்கிடந்தேன். வேலைப் பட்டியல் ஆஸ்பத்திரிச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் ஒட்டப்பட்டிருந்தது. நீ அதைப் பார்த்திருப்பாய். ஆனாலும் கேட்கவில்லை. அடுத்த வருடம் திரும்பவும் ஒரு டிக்கெட் கொண்டுவந்தாய். “அண்ணைக்கும் அனுப்பினனான். அவர் வரமாட்டார்,” என்று மட்டும் சொன்னாய். அந்தக் குரலுக்குப் பிறகு எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

ஞாயிறு பின்னேரம். மண்டபத்துக்கு வெளியே ஏரி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. உள்ளே நல்ல இருட்டு. வேண்டுமென்றே கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேடையில் ஆறு மேளங்கள். அவற்றுக்குப் பின்னால், ஓர் ஆள் உயரத்தில் ஒரு பெரிய மேளம் மரத்தாங்கியில் ஏறி இருந்தது. யாரோ மூங்கில் குழல் ஊதினார்கள். பிறகு அந்தப் பெரிய மேளத்தில் ஒரே ஓர் அடி.

அதை நான் காதால் கேட்கவில்லை. நெஞ்சுக்கூட்டுக்குள் விழுந்தது. இருக்கையின் கையைப் பிடித்தேன். இரண்டாவது அடி. பதுங்குகுழியின் மண் மணம் வந்தது, பொய் சொல்லவில்லை. அம்மா எங்கள் தலைகளை அமர்த்திப் பிடிக்கும் கை வந்தது. மூன்றாவது அடிக்கு நான் எழும்பிவிட்டேன். கதவு நாலு அடி தூரத்தில் இருந்தது.

அப்போது ஒரு குரல் கேட்டது. “ஹா!” மண்டபத்தையே கிழிக்கிற குரல். இடமிருந்து இரண்டாவது மேளத்தில், நீல மேலங்கியும் தலையில் முறுக்கிக் கட்டிய வெள்ளைத் துணியுமாக, அங்கே நின்ற எல்லோரிலும் குள்ளமாக ஒரு பெண். அது நீ என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. இரண்டு தரம் கேட்டால்தான் காதில் விழும் அந்த வாயிலிருந்தா அந்தச் சத்தம்!

ஆறு பேரின் பன்னிரண்டு கைகளும் ஒன்றாக மேலே போயின, ஒன்றாக நின்றன, ஒன்றாக விழுந்தன. மழை தகரக் கூரையில் தொடங்குவதுபோல மெல்லத் தொடங்கி, கூரையே பிய்ந்து போவதுபோல ஏறி, சட்டென்று எல்லாம் நின்றது. அந்த அமைதியில் தடிகள் காற்றில் நின்றன. உன் வேர்வை மேடை விளக்கில் மின்னியது. ஊரில் ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் வரும் அமைதியைப் போல நான் பயந்த ஒன்றும் இல்லை. இந்த அமைதியை உன் கைகள் பிடித்து வைத்திருந்தன. நீ விட்டால்தான் அது முடியும். விட்டாய். மேளங்கள் திரும்பவும் பாய்ந்தன. நீ சிரித்துக்கொண்டிருந்தாய். பற்கள் எல்லாம் தெரிய, வெட்கமே இல்லாமல். உடம்பு முழுக்க எழும்பி எழும்பி விழுந்தது. பக்கத்து மேளத்துக்காரன் உன்னைப் பார்த்து ஏதோ கத்தினான். நீ திருப்பிக் கத்தினாய். நான் எப்போது திரும்ப உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

முடிந்ததும் ஏரிக்கரையில் வந்து என் பக்கத்தில் நின்றாய். உள்ளங்கையில் ஒரு கொப்புளம் உடைந்திருந்தது.

“பயந்தனீயோ?”

“ஓம். வெளியிலை ஓடப் பார்த்தனான்.”

“நானும் முதல் மாதம் முழுக்கப் பயந்துகொண்டுதான் போனனான். பிறகு ஒருநாள் யோசிச்சன்.” தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: “இந்த முறை அடிக்கிறது நான்தானே.”

உன் கையைப் பிடித்துக் கொப்புளத்தைப் பார்த்தேன். “பூசைக்குப் பிறகு நான் சிரிச்சது…” என்று தொடங்கினேன். “தெரியும்,” என்றாய். “வா, பசிக்குது.”

அந்த வருடம் குளிர் தொடங்கியபோது உனக்கு வலது தோளில் வலி வந்தது. மேளம்தான் காரணம் என்று இருவரும் முடிவுகட்டிவிட்டோம். வேலை முடிந்து உடுப்பு மாற்றும் அறையில் நீ முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாய். நான் கோடாலித் தைலத்தை ஊற்றித் தேய்ப்பேன். “உந்த வயசிலை உந்தக் கூத்து ஆடினால் நோகாதோ?” என்று ஏசுவேன். டொக்டரிடம் போகவா என்று நீ ஒருமுறை கேட்டாய். “உதுக்கெல்லாம் டொக்டரோ? ரெண்டு கிழமை அடிக்காமல் இரு, சரிவரும்,” என்றேன். மூன்று மாதம் தேய்த்தேன். அந்த வலி நெஞ்சுக்குள்ளிருந்து, சுவாசப்பையின் உச்சியில் வளர்ந்துகொண்டிருந்த கட்டியிலிருந்து தோளுக்கு வந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க நியாயமில்லை என்று டொக்டரும் சொன்னார். ஆனாலும் அந்த மணம் மூக்கில் ஏறும்போது, உன் தோளில் என் கை, என் வாயில் அந்தச் சொற்கள்.

நாம் துடைத்த மாடியிலேயே நீ படுத்தாய். உன் கட்டிலைச் சுற்றி நான் துடைக்கும்போது நீ கால்களைத் தூக்கிக் கொடுப்பாய், பழக்கத்தில். கடைசிக் கிழமைகளில் உன்னால் கதைக்க முடியவில்லை. போர்வையின் மேல் இரண்டு விரல்கள் மட்டும் அசையும். டொன், டொன், டொ-கொ, டொன். மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் அடுத்த அறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நீ போய்விட்டாய்.

அடுத்த நாள் உர்சுலா எனக்குப் போன் எடுத்தாள். “அவளை அனுப்பும்போது நாங்கள் அடிக்கலாமா? குடும்பத்திடம் கேட்டுச் சொல்வீர்களா?” என்றாள். நான் உன் அண்ணனுக்கு எடுத்தேன்.

“என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?” என்றார். “செத்தவீட்டிலை மேளமோ? வாற ஆக்கள் என்ன சொல்லுவினம்?”

“சொல்லட்டும் அண்ணை. அவையள் சொன்னதைக் கேட்டு நானும் ஒருக்கா சிரிச்சனான். அது உங்கடை தங்கச்சிக்குத் தெரியும். இனி நான் சிரிக்கமாட்டன்.”

நான் விடவில்லை.

“உங்களுக்கு எத்தினைதரம் டிக்கெட் அனுப்பினவள்? நீங்கள் இருக்கிற ஊரிலைதானே அடிச்சவள். ஒருக்கா போனனீங்களோ?”

போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. அவர் வேலைசெய்யும் ஹோட்டல் குசினி.

“ஒண்டு மட்டும்,” என்றார் கடைசியில். “கோயிலுக்குள்ளை வேண்டாம். சேமக்காலையிலை, வெளியிலை.”

பனி பெய்து ஓய்ந்திருந்தது. சேமக்காலை முற்றத்தில், கல்லறைகளுக்கு முன்னால், ஆறு மேளங்களையும் இறக்கி வைத்தார்கள். ஐந்து பேர்தான் நின்றார்கள். இடமிருந்து இரண்டாவது மேளத்தின் பின்னால் யாரும் இல்லை. அதன் மேல் உன் தடிகள் இரண்டும் கிடந்தன. நம் ஆட்கள் கறுப்பு உடுப்போடு ஒதுங்கி நின்றார்கள். போனில் படம் காட்டிச் சிரித்த அந்தப் பெண்ணும் நின்றாள்.

அவர்கள் அடித்தது நீ மெத்தையில் பழகும் அதே பாட்டு. எல்லோரும் கீழ்த்தாளத்தை மெல்லப் போட்டுக்கொண்டிருக்க, ஒவ்வொருவராக எட்டு எண்ணிக்கைக்குத் தனியே அடிப்பார்கள். முதலாவது ஆள் அடித்து முடித்தான். அடுத்தது உன் முறை. எல்லா மேளங்களும் நின்றன; கீழ்த்தாளமும் நின்றது. ஐந்து பேரும் தடிகளை உயர்த்தியபடி உன் மேளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. யாரோ ஒரு குழந்தை இருமியது. மரத்திலிருந்து பனி சரிந்து விழுந்தது. ஆறு, ஏழு, எட்டு. மூன்றாவது ஆளின் தடி விழுந்தது. அந்த ஓர் அடியில் எனக்குப் பின்னால் நின்ற எல்லோரும் அழத் தொடங்கினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை, சத்தம் கேட்டது.

முடிந்த பிறகு உன் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“இதையோ அவள் அடிச்சவள்?”

“இதைத்தான் அண்ணை.”

“எங்கை நிண்டவள்?”

காட்டினேன். அவர் பனியில் வழுக்காமல் மெல்ல நடந்துபோய், கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை அந்தத் தோலின் மேல் வைத்தார். அடிக்கவில்லை.

உர்சுலா என்னைக் குழுவுக்குக் கூப்பிட்டாள். ஒரு புதன்கிழமை போனேன். தடிகளைத் தந்தாள். நான் கையை மேலே தூக்கினேன், இறக்க முடியவில்லை. நான் உன்னைப் போலில்லை. அதற்குப் பிறகு பழகப் போகவில்லை. ஆனால் அவர்களுடைய ஒரு நிகழ்ச்சியையும் விடுவதில்லை. முதல் அடிக்கு இன்னும் உடம்பு தூக்கிப் போடுகிறது. எழும்பி ஓடுவதில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் துன் மண்டபத்தில் பக்கத்து இருக்கை அம்மையார் கேட்டார், குழுவில் உங்களுக்கு யாரையாவது தெரியுமா என்று. என் சிநேகிதி இருக்கிறாள் என்றேன். எது என்று மேடையைப் பார்த்துக் கேட்டார். இன்றைக்கு அவள் வரவில்லை என்றேன். ரயிலில் வரும்போது, நான் சொன்ன அந்தப் பொய்யை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மகனுக்கு எடுத்தேன். “அம்மா, சாப்பிட்டீங்களோ? பிறகு எடுக்கிறன்,” என்றான். நல்ல பிள்ளை. பிறகு எடுத்தான், அதற்குள் சொல்ல வேண்டியது போய்விட்டது.

உனக்கு ஞாபகமிருக்கிறதா, முதல் ஐந்து வருடமும் நாம் இருவரும் ‘நீங்கள்’ என்றுதான் கதைத்தோம். ஒருநாள் மாடிப்படியில் நான் வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட, “எடி விசரி, நீ காலைப் பார்!” என்று கத்தினாய். இரண்டு பேரும் திகைத்துப்போய் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு படியில் உட்கார்ந்து சிரித்தோம். அன்றிலிருந்து ‘நீ’தான். அம்மா அப்பா போய்விட்டார்கள். என் கணவர் என்னை ‘நீர்’ என்பார், அவரும் இல்லை. மகன் ‘நீங்கள்’. வேலையிடத்தில் ‘ஃபிராவ்’, அதாவது திருமதி. இந்த நாட்டில் என்னை ‘நீ’ என்று கூப்பிட இப்போது ஒருவரும் இல்லை.

நான் அப்படிக் கூப்பிடவும் வேறு ஆள் இல்லை. அதனால்தான் இன்றைக்கு இவ்வளவையும் உனக்கே எழுதினேன்.